மகள் வாங்கப் போகும் ஊர்

ஜூன் 3, 2024, திங்கள்

விடியப்புறமே மகளிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு வீட்டின் வரைபடம் வந்திருந்தது. இரண்டு அறை, குசினி, ஒரு ஆள் கதிரை போட்டு இருக்கக்கூடிய பல்கனி. கூடவே குரல் செய்தி: "அப்பா, நீங்கள்தானே முப்பது வருசம் வீடு, காணிப் படம் கீறின ஆள். பாத்துச் சொல்லுங்கோ, வாங்கலாமோ?"

இடம் செர்ஜி-பொந்துவாஸ். பாரிஸுக்கு வடமேற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இப்போது லா கூர்னேவில் வாடகைக்கு இருக்கிறார்கள். 25 வருசக் கடன் எடுக்க வேண்டுமாம். கடன் முடியும்போது எனக்கு 93 வயது. அதை அவளிடம் சொல்லவில்லை.

இவ, என் மனுசி, கேட்ட முதல் கேள்வி, பக்கத்தில் கோயில் இருக்கிறதா என்பது.

ஜூன் 4, செவ்வாய்

படத்தைப் பெரிதாக அச்செடுத்து வந்து மேசையில் விரித்தேன். செர்ஜி எனக்குப் புதிதல்ல. 2018இல் போனபோது மருமகனின் அக்கா வீட்டில் இரண்டு கிழமை நின்றோம். அவ வீடு ப்ரெஃபெக்சூர் ஸ்ரேசனடியில்.

அது தானாக வளர்ந்த ஊர் இல்லை. பெரிய பட்டணம் தன்பாட்டுக்கு வீங்கிக்கொண்டு போகாமல் இருக்க, சுற்றிவரப் புது நகரங்கள் கட்டுவது என்று 1965இல் ஒரு பெருந்திட்டம் போட்டார்கள். பொறுப்பாக இருந்தவர் போல் டெலூவ்ரியே. அப்போதைய ஜனாதிபதி டி கோல் ஹெலிகொப்டரிலிருந்து புறநகரைப் பார்த்துவிட்டு, இந்தக் கோலத்தை ஒழுங்குபடுத்து என்று இவரிடம் சொன்னதாகக் கதை. எட்டு என்று தொடங்கி ஐந்தில் முடிந்தது: செர்ஜி, எவ்ரி, மார்ன்-லா-வலே, செனார், சான்-கான்தான். அதற்கு முன்னர் சார்செல், லா கூர்னேவ் பக்கம் அடுக்குமாடிகளை மட்டும் வரிசையாக எழுப்பி, ஆட்களைக் கொண்டுபோய் இருத்தியிருந்தார்கள். படுக்க வீடு, வேலைக்குப் பாரிஸ். புது நகரத்தில் அப்படி இருக்கக்கூடாது என்று கந்தோர், கடை, படிப்பு எல்லாவற்றையும் அங்கேயே கொண்டுவந்தார்கள். செர்ஜியில் குடிசனம் நிரம்ப முன்னமே மாவட்டத் தலைமைக் கந்தோரைக் கட்டிவிட்டார்கள். ஹென்றி பெர்னார் வரைந்தது, 1970. பிரமிட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி, மேலே போகப் போக அகலும். முதல் தரம் பார்த்தபோது மழைக்கு நல்லது என்று நினைத்தேன்.

அங்கேதான் நான் தொலைந்தேன். பால் வாங்கப் போய், திரும்பும்போது வழி தெரியவில்லை. போனைப் பார்த்தால் நீலப்புள்ளி பஸ் தரிப்பிடத்துக்கு நட்டநடுவில் நிற்கிறது. என்னைச் சுற்றிப் பஸ்ஸும் இல்லை, றோட்டும் இல்லை. கல் பாவிய முற்றம், பூச்சாடி, சைக்கிள் ஓடும் பிள்ளைகள். கொஞ்சநேரம் கழித்து காலுக்குக் கீழே இரைச்சல் கேட்டது. பஸ் எல்லாம் கீழ்த் தளத்தில், ரெயினும் கீழே. மனிதர் நடப்பது மேலே போட்ட கொங்கிறீற் தட்டில். வாகனத்தையும் நடப்பவரையும் பிரிக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் அப்படிக் கட்டினார்கள். வாழ்நாள் முழுக்கச் சமவுயரக் கோடு கீறியவனுக்கு எது தரை என்று தெரியாமல் போனது. பால் பெட்டியோடு முக்கால் மணிநேரம் நின்றேன்.

மகள் பார்த்திருக்கும் வீடு அங்கே இல்லை. இரண்டு ஸ்ரேசன்கூட இல்லை, அடுத்தது, சான்-கிறிஸ்தோஃப். 1980களில் எழுந்த பகுதி. அதற்குள் படம் கீறியவர்களுக்கும் புத்தி வந்திருக்க வேண்டும். தெருவைத் தெருவாகவே விட்டிருக்கிறார்கள். இது நல்ல விசயம்.

ஜூன் 8, சனி

நித்திரை வராததற்கு மகளின் வீடு மட்டும் காரணமில்லை. காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிப் பக்கம் போனேன். றோட்டிலிருந்து உள்ளே, சுனாமிக்குப் பிறகு வந்த வீட்டுத்திட்டம் ஒன்று. அதன் படம் என் கையால் கீறியது.

2005இல் வடக்கு, கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்று சட்டம் வந்த நேரம். கரையிலிருந்த சனத்துக்கு உள்ளே காணி பிரிக்கச் சொன்னார்கள். நேர்நேரான ஒழுங்கைகள், ஒரே அளவுக் காணிகள், நடுவில் சிறுவர் பூங்கா. அழகான படம். அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த நாளில் அளவுக்கோல் பிடித்து உதவிய ஒரு தம்பி இன்னும் அங்கேதான். குசினிப் பக்கம் கூட்டிப்போனார். குசினியில் விறகும் பழைய வலையும் அடுக்கிக் கிடக்கிறது. சமையல் வெளியே, கிடுகு போட்ட கொட்டிலில்.

"ஏன் தம்பி?"

"கச்சான் காத்துக்குப் புகை முழுக்க வீட்டுக்குள்ள அடிக்குது ஐயா. எல்லா வீட்டிலயும் இப்பிடித்தான்."

குசினியை மேற்கே வைத்தது நான். நான் படம் கீறியது மாரியில், வாடைக்காற்றுக் காலத்தில். ஆனி மாதத்தில் அந்தக் காணியில் போய் ஒருநாள்கூட நிற்கவில்லை.

பூங்காவில் வலை காய்கிறது. அதுகூடப் பரவாயில்லை. 14ஆம் காணிக்குக் குறுக்கே ஒரு ஒற்றையடிப் பாதை, கடலை நோக்கிச் சரிவாகப் போகிறது. என் ஒழுங்கை சுற்றிப் போகும். படகின் வெளியிணைப்பு இயந்திரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு யார் சுற்றிப் போவார்கள்? காணிக்காரரும் அந்தப் பக்கம் வேலி போடாமல் விட்டிருக்கிறார். பாதை நன்றாக மிதிபட்டு, மண் சீமெந்து மாதிரி இறுகியிருந்தது.

தேத்தண்ணி தந்துவிட்டுத்தான் விட்டார்கள். பழைய இடத்துக்குத் திரும்பிப் போக விருப்பமா என்று கேட்டேன். அவருக்கு விருப்பம். மகனுக்கு இல்லை. அவன் பிறந்தது இங்கே, கூட்டாளிகள் இங்கே.

ஜூன் 9, ஞாயிறு

மகளோடு கதைத்தேன். இங்கே பகல் ஒன்றரை, அங்கே காலை பத்து. வீடு பிழையில்லை என்றேன். குசினி யன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டேன், சிரித்தாள். அங்கே புகை இல்லையாம்.

"பிள்ளை, பகலில பாத்தது காணாது. மருமகன் வேலை முடிஞ்சு வாற நேரத்துக்கு நீ ஒருக்கா ஸ்ரேசனில இறங்கி வீட்டடி மட்டும் நட. இப்ப ஆனி மாசம், உங்க பத்து மணிக்கும் வெளிச்சம். கார்த்திகையில அஞ்சரைக்கே இருட்டு எண்டதையும் யோசி."

மருமகன் பாரிஸில் ரெஸ்ரோரண்டில் வேலை, பன்னிரண்டு மணியாகும். பாரிஸ் நடுவிலுள்ள சாத்லே ஸ்ரேசனிலிருந்து ஆர்.ஈ.ஆர். ஏ ரெயின் பாதையில் முக்கால் மணிநேரம். ஊரைக் கட்டியவர்கள் வேலையையும் அங்கேயே வைத்தார்கள்தான். ஆனால் எங்கள் ஆட்களின் வேலை இன்னும் பாரிஸ் குசினிகளில். முதலாம் ரெயினே 1979இல்தான் அங்கே வந்தது. அதற்கு முன் குடியேறியவர்கள் என்ன செய்தார்களோ. கிண்ணியாவுக்கு 2009இல் பாலம் வரும்வரைக்கும் படகுப்பாதைக்குக் காத்து நின்ற எங்களுக்கு அது விளங்கும்.

ஜூன் 11, செவ்வாய்

ராத்திரி மான்கள் படலையைத் தள்ளிக்கொண்டு வந்து, முருங்கைக் கன்று இரண்டையும் தின்றுவிட்டன. ஊரில் மான் இருக்கிறது என்றால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் புதினம். எனக்குக் கரைச்சல்.

ஜூன் 15, சனி

வீடியோ வந்தது. சொன்னபடியே இரவில் இறங்கி நடந்திருக்கிறாள், பேரனும் கூட. ஸ்ரேசனுக்கு மேலே 10 மீட்டர் விட்டத்தில் மணிக்கூடு, உள்ளிருக்கும் முள்ளும் சக்கரமும் தெரிய. அதைக் கடந்து தெரு. பூட்டின கடைகள், திறந்திருந்த ஒரு கபாப் கடை, வாசலில் நாலு பெடியள். ஒன்பது நிமிடம். ஒரு இடத்தில் பேரன் "அம்மா, கெதியா" என்கிறான். அந்த இடத்தை மூன்று தரம் திருப்பிப் பார்த்தேன். ஒரு விளக்கு எரியவில்லை, வேறொன்றுமில்லை.

மற்ற வீடியோ பகலில் எடுத்தது. டானி கரவான் என்ற சிற்பி 1980இல் தொடங்கிய நீள அச்சுக்கோடு, மூன்று கிலோமீட்டருக்கு மேல். ரிக்கார்டோ பொஃபில் கட்டிய அரைவட்டக் கட்டடங்களுக்கு நடுவில் 36 மீட்டர் கோபுரம், அதிலிருந்து ஒரே நேர்கோடாகப் பன்னிரண்டு வெள்ளைத் தூண், படிக்கட்டு, சிவப்புப் பாலம். கீழே உவாஸ் ஆற்று வளைவில் குளங்கள். மணலும் சரளையும் தோண்டிய குழிகள்தான் அவை. இப்படி ஒரு நேர்கோட்டை மலையிலிருந்து தண்ணீர் மட்டும் இழுக்க எனக்கும் ஒருமுறை அனுமதி கிடைத்திருந்தால்!

ஆனால் பேரன் அந்தக் கோட்டில் நடக்கவில்லை. படியை விட்டுப் புல்லில் சறுக்கிக்கொண்டு இறங்கினான். புல்லில் ஏற்கெனவே ஒரு தேய்ந்த தடம் இருந்தது.

ஜூன் 18, செவ்வாய்

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டார்களாம். கோயிலுக்கு வழக்கம்போல பாரிஸ் லா சப்பலுக்குத்தான் போகவேண்டும். இவவுக்கு அதில் குறைதான். அந்த நாட்டுச் சட்டப்படி வாங்குகிறவர் மனம் மாறினால் விலகிக்கொள்ள பத்து நாள் தவணை உண்டென்றாள்.

நான் திரும்பவும் மேசை விளக்கைப் போட்டு, அச்செடுத்த படத்தில் அளவுகோலை வைத்தேன். குசினி யன்னல் வடகிழக்கு.

"பத்து நாளும் இதையே பாத்துக்கொண்டு இருக்கப்போறீங்களோ?" என்கிறா இவ. "வந்து படலையைக் கட்டுங்கோ, மான் வரப்போகுது."