சபை அலுவலக மேசையிலிருந்து: கொழும்பின் சுவிசேஷ சபைகள் எங்கே பிரிகின்றன

கொழும்பில் ஒரு சுவிசேஷ (எவாஞ்சலிக்கல்) சபை இரண்டாகும்போது வெளியில் சொல்லப்படும் காரணம் உபதேசமாகவே இருக்கும். "அவர்கள் ஆவியானவருக்கு இடம் கொடுக்கவில்லை" என்பார்கள் ஒரு பக்கத்தார். "இவர்கள் வசனத்தை விட்டு விலகிவிட்டார்கள்" என்பார்கள் மறுபக்கத்தார். சபை அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு பக்கமும் தெரியும். காசோலையில் யார் கையெழுத்து வைப்பது என்ற கேள்வி மாதக்கணக்கில் முன்பே எழுந்திருக்கும். காணி உறுதியின் பிரதியை யாரோ கேட்டு வாங்கியிருப்பார்கள். தமிழ் ஆராதனையின் நேரத்தை மாற்றித் தரும்படி எழுதிய கடிதம் பதிலில்லாமல் கோப்பில் கிடக்கும். உபதேச வேறுபாடு உண்மையானதுதான், சிலருக்கு உயிரினும் மேலானது. ஆனால் அதே வேறுபாட்டோடு ஒரே கூரையின் கீழ் பல வருடம் ஜெபித்தவர்கள் குறிப்பிட்ட ஒரு வருடத்தில் ஏன் பிரிகிறார்கள் என்று கேட்டால், விடை பெரும்பாலும் அலுவலக அலுமாரிக்குள் இருக்கிறது.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் கத்தோலிக்கர் 6.2 வீதம், ஏனைய கிறிஸ்தவர்கள் 1.4 வீதம். அந்த 1.4க்குள்தான் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்து, சீர்திருத்த, தென்னிந்தியத் திருச்சபை ஆகியவற்றோடு பெந்தெகொஸ்தே சபைகளும் சுயாதீன சபைகளும் அடங்குகின்றன. கொழும்பில் அவற்றுக்கிடையிலான தூரம் சில பஸ் தரிப்புகள்தான். 1757இல் திறக்கப்பட்ட வுல்ஃபெண்டால் தேவாலயமும், 1816இல் கட்டிய புறக்கோட்டை மெதடிஸ்த ஆலயமும் இன்றும் நிற்கின்றன. 1920களில் டென்மார்க் நாட்டு முன்னாள் நடிகையான ஆனா லெவினி போன்றோரின் ஊழியத்தால் இங்கே பெந்தெகொஸ்தே எழுப்புதல் வேர்விட்டது. அதே காலத்தில் கேரளத்தைச் சேர்ந்த பாஸ்டர் போல் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் தமிழ்நாட்டுக்கும் அதற்கு அப்பாலும் பரவியது. 1952இல் சுவிசேஷ சபைகளுக்கென்று ஒரு தேசியக் கூட்டமைப்பும் உருவானது. பாரம்பரியத் திருச்சபைகள் ஒன்றுசேர்ந்து ஒரே இலங்கைத் திருச்சபையாக 1972இல் தொடங்கவிருந்தன. அந்த முயற்சி நீதிமன்ற வழக்கினால் நின்றுபோனது. ஒன்றாவதற்குப் பல வருடம் எடுத்த பேச்சுவார்த்தையை ஒரு வழக்கு நிறுத்த முடிந்தது என்பதை இந்த வேலையில் இருக்கிறவர்கள் அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும்.

உபதேச வேறுபாடு அலுவலகத்துக்குள் முதலில் நுழைவது ஞானஸ்நானப் பதிவேட்டின் வழியாக. மெதடிஸ்த, அங்கிலிக்கன், தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தவருக்குக் குழந்தை ஞானஸ்நானச் சான்றிதழ் ஏற்கெனவே இருக்கும். சுவிசேஷ சபை அவரை முழுக்கு ஞானஸ்நானத்துக்கு அழைக்கும்போது அவருடைய தாய்க்கு அது தன் திருச்சபையையும் தன் வளர்ப்பையும் மறுப்பதாகத் தெரியும். இந்தக் காயத்தை எந்தப் போதகரும் பிரசங்கத்தால் ஆற்ற முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னரே பெற்றோரின் வீட்டுக்குப் போய் இருந்து கதைத்துவிட்டு வந்தால் பாதி ஆறும். இந்து, பௌத்த குடும்பங்களிலிருந்து வருகிறவர்களின் நிலை வேறு. 2004இல் பலவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் கூறியது, அது சட்டமாகவில்லை. ஆனால் குற்றச்சாட்டு ஓயவில்லை. ஆகவே தன் சொந்த விருப்பத்தில் வருவதாகத் தன் கையெழுத்தில், தன் மொழியில் அவர் எழுதிய கடிதம் பதிவேட்டோடு இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் திகதி குறிக்கக் கூடாது. உலர் உணவுப் பொதி கொடுக்கிற கிழமையில் ஞானஸ்நானம் வைக்கவே கூடாது. நோக்கம் எவ்வளவு தூயதானாலும் அயலவர் அந்த இரண்டையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

முழுக்கு ஞானஸ்நானத் தொட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாடியில் மண்டபம் வைத்திருக்கும் சபைகள் பிளாஸ்டிக் தொட்டியை வாடகைக்கு எடுக்கும். ஒரு கனமீற்றர் தண்ணீரே ஆயிரம் கிலோ. இரண்டு கனமீற்றர் நிரப்பினால் இரண்டு தொன். வீடாகக் கட்டிய மாடியின் தளம் அதைத் தாங்குமா என்று கேட்காமல் நிரப்புகிறார்கள். கீழ்த்தளத்தில் வைப்பதே பாதுகாப்பு. தண்ணீர் அமுக்கம் குறைந்த பகுதிகளில் சனிக்கிழமை மாலையே குழாயைத் திறந்துவிட வேண்டும். தொட்டிக்குள் நிற்கிற போதகரின் கையில் வயர் உள்ள மைக்கை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. ஒலிபெருக்கியில் மின்கசிவு இருந்தால் ஈரமான கை வழியாக உடலுக்குள் போகும். சாட்சி சொல்பவரை வெளியில் நிறுத்திச் சொல்லவிட்டு, பிறகு இறங்கச் சொல்லலாம்.

ஆவியின் ஏவுதலில் அந்நிய பாஷை பேசுவது, நகை, பெண்களின் முக்காடு, மருந்து எடுப்பது, திருவிருந்தைக் கிழமைதோறும் வைப்பதா மாதத்தின் முதல் ஞாயிறா என்பவையெல்லாம் சபைக்குச் சபை மாறும். இவற்றுள் ஆபத்தானது மருந்து ஒன்றுதான். சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் மரபிலிருந்து வருகிறவர்களில் சிலர் தெய்வீக சுகத்தை நம்பி மருந்தைத் தவிர்ப்பவர்கள். அந்த நம்பிக்கையை மதிக்கலாம். ஆனால் சர்க்கரை வியாதிக்காரர் உபவாச ஜெபத்தில் இன்சுலினை நிறுத்தியதைச் சாட்சியாகச் சொல்ல மேடை கொடுப்பது வேறு விஷயம். கேட்டிருக்கிற இன்னொருவர் அடுத்த நாள் அதையே செய்வார். சாட்சிகளை ஆராதனைக்கு முன் ஒருவர் கேட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ள சபைகளில் இது நடப்பதில்லை.

தமிழர் மனதில் நெடுங்காலம் ஊறுவது மொழியும் நேரமும். மும்மொழிச் சபைகளில் காலை எட்டுக்கு ஆங்கிலம், பத்தரைக்குச் சிங்களம், மாலையில் தமிழ் என்ற ஒழுங்கு பரவலாக உண்டு. வீட்டு வேலை செய்யும் மலையகப் பெண்களுக்கு மாலை வசதி என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். சிலருக்கு அது சரி. வேறு சிலர் ஏழு மணிக்குள் வேலை வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள், கடைசி ஜெபத்துக்கு முன்னரே எழும்பிப் போகிறார்கள். மாலையில் நடத்தினால் பிள்ளைகளின் ஓய்வுநாட்பள்ளிக்கு ஆசிரியர் கிடைப்பதில்லை, காலையிலிருந்து ஓடிய ஒலிக்குழு களைத்துப்போயிருக்கும். தமிழ்ச் சபையாரின் காணிக்கை குறைவு என்ற கணக்கும் அதே அறையில்தான் பேசப்படுகிறது. வருடத்துக்கொரு முறையேனும் நேரங்களைச் சுழற்றுவது பற்றி மூன்று மொழியாரும் சேர்ந்து பேசும் சபைகள் இருக்கின்றன. அங்கே முறுகல் இருந்தாலும் அது பேச்சில் வெளிவந்துவிடுகிறது.

அதைவிட நுட்பமானது நாட்காட்டி. பெப்ரவரி 4ஐ ஒட்டிய ஞாயிறு கூட்டு ஆராதனையில் தேசியக் கொடி, தேசிய கீதம், நாட்டுக்கான ஜெபம். கீதத்தைச் சிங்களத்தில் மட்டும் பாடினால் பின்வரிசையில் வாய் திறக்காமல் நிற்பவர்களை மேடையிலிருந்து பார்க்க முடியும். 2016 சுதந்திர தின அரச விழாவிலேயே அது தமிழிலும் பாடப்பட்டது. சபையில் பாடுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. மே மாதம் இன்னும் கடினம். 2009 மே நாட்களை ஒருவர் போர் முடிந்ததற்கான நன்றி ஜெபத்தோடு நினைக்கிறார். அவருக்கு அடுத்த கதிரையில் இருப்பவர் முள்ளிவாய்க்காலில் உறவுகளை இழந்தவர். முன்னாயத்தம் இல்லாமல் மேடையில் ஏறி அந்த நேரத்தில் வாயில் வருவதை ஜெபிக்க விடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. சொல்லிவிட்ட ஜெபத்தைத் திரும்பப் பெற முடியாது. ஜெபத்தை மூன்று மொழியிலும் எழுதி, இரு சமூகத்து மூப்பர்களும் முன்கூட்டியே வாசித்து ஒத்துக்கொள்ள வேண்டும். இறந்த எல்லோருக்காகவும், காணாமற்போனோரின் தாய்மாருக்காகவும், திரும்பி வராத படைவீரர்களின் குடும்பங்களுக்காகவும் ஒரே ஜெபத்தில் சொல்ல முடியும். எழுதி ஜெபிப்பதில் ஆவியானவர் இல்லை என்று நினைக்கும் சபைகள் இந்த ஒரு நாளிலாவது அதை முயன்று பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

தமிழருக்குள்ளேயும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்ற கோடுகள் அழியவில்லை. வெள்ளவத்தையில் கூடுகிற சபைக்கும் கொட்டாஞ்சேனையில் கூடுகிற சபைக்கும் பேச்சுத் தமிழே மாறும். திருமணப் பேச்சில் இது பச்சையாக வெளிவருகிறது. "இரட்சிக்கப்பட்ட பிள்ளையா?" என்ற முதற் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தபிறகு, ஊரையும் பகுதியையும் சுற்றிவளைத்து விசாரித்துச் சாதியை அறிந்துகொள்கிறார்கள். போதகரிடம் "பொருத்தமான இடம்" பார்த்துத் தரும்படி கேட்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும் போதகர் ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று சொல்லும் கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும்போது இளைஞர்கள் கவனிக்கிறார்கள். அவர்கள் சபையை விட்டுப் போவதற்குச் சொல்லும் காரணம் பாட்டோ பிரசங்கமோ ஆக இருக்கும்.

பணத்துக்கு வருவோம். காணிக்கைப் பை நிரம்பியதிலிருந்து வங்கியில் வைப்பிலிடும் வரையுள்ள இருபத்துநாலு மணி நேரம்தான் சந்தேகத்தின் விளைநிலம். எண்ணுகிறவர்கள் மூன்று பேர் இருக்க வேண்டும். ஒரே குடும்பத்தவர் இருவர் ஒன்றாக எண்ணக் கூடாது, போதகரும் அவர் மனைவியும் எண்ணவே கூடாது. மேசையில் கைப்பை, குடை எதுவும் இருக்கக் கூடாது. முதலில் பெயரெழுதிய தசமபாக உறைகளைத் திறந்து, உறையின் மேல் எழுதிய தொகையும் உள்ளே இருக்கும் தொகையும் ஒன்றா என்று பார்த்து உறையிலேயே குறிக்க வேண்டும். பிறகு தளர்வான தாள்களை 5000 முதல் 20 வரை பிரித்து, இருவர் தனித்தனியே எண்ணித் தாளில் எழுத வேண்டும். இரண்டு தொகையும் பொருந்தாவிட்டால் மீண்டும் எண்ண வேண்டும், சராசரி எடுப்பதோ கையிலிருந்து போட்டு நேராக்குவதோ இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் போட்ட பவுணையும் டொலரையும் தனி வரியில் எழுதி, மாற்றிய சிட்டையை இணைக்க வேண்டும். மூவரும் கையெழுத்திட்டுப் பையைக் கட்டி முத்திரையிட வேண்டும். அநேக சபைகளில் உடைவது இங்கேதான்: விருந்துப் பிரசங்கியாரின் ஆட்டோ காசும் மதியச் சாப்பாடும் எண்ணாத பையிலிருந்து போகும். செலவு நியாயமானதே. ஆனால் அந்த ஞாயிறு எவ்வளவு வந்தது என்பதை அதன்பின் எவராலும் நிரூபிக்க முடியாது. ஒரு சிறு கைச்செலவு நிதியைத் தனியே வைத்தால் இந்தப் பிரச்சினையே வராது.

காணிதான் எல்லாவற்றிலும் பெரியது. இலங்கையில் காணி உறுதி நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். எழுதும் நாளில் சபைக்குச் சட்டப்படியான ஆள்தன்மை, அதாவது தன் பெயரிலேயே சொத்து வைத்திருக்கும் தகுதி, இல்லையென்றால் வாங்குபவர் இடத்தில் போதகரின் பெயர் வருகிறது. அவர் நல்லவர், நேர்மையானவர். அவர் மரணசாசனம் இல்லாமல் இறந்தால் அந்தக் காணி மனைவி பிள்ளைகளுக்குப் போகும். பிள்ளைகளில் ஒருவர் கனடாவில் இருந்து, விசுவாசத்தில் இல்லாதவராயும் இருந்தால், சபையார் இருபது வருடம் கொடுத்த பணம் அவருடைய நல்ல மனதில் தங்கி நிற்கும்.

இதைத் தவிர்க்க, பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் சபை கூட்டிணைக்கப்படுவது ஒரு வழி. ஆனால் 2001இலும் 2003இலும் சுவிசேஷ அமைப்புகளின் கூட்டிணைப்புச் சட்டமூலங்கள், மதம் பரப்புவதையும் பொருளாதார உதவியையும் சேர்த்து வைத்திருந்ததால், உயர் நீதிமன்றத்தில் தடைப்பட்டன. அதன்பின் பல சபைகள் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிகின்றன, அல்லது 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், சபைக்காகச் சொத்தைப் பொறுப்பாளர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை உறுதி எழுதுகின்றன. பதிந்தால் போதாது. பணிப்பாளர் மாறியதையும் வருடாந்த அறிக்கையையும் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். விலகிப்போன மூப்பர் கம்பனிப் பதிவில் இன்னும் பணிப்பாளராக இருப்பது பிரிவு வரும் நாளில்தான் தெரியவரும். நம்பிக்கை உறுதியில் புதிய பொறுப்பாளரை யார் நியமிப்பது, சபை இரண்டானால் சொத்து யாரிடம் நிற்கும் என்ற இரண்டு பந்திகளும் இல்லையென்றால் அந்த உறுதி பாதிதான். எல்லோரும் ஒருவரையொருவர் நேசிக்கும் காலத்தில் இதை எழுதச் சொன்னால் "விசுவாசக் குறைவு" என்பார்கள். நேசிக்கும் காலத்தில்தான் எழுத முடியும்.

வெளியிலிருந்து வரும் அழுத்தமும் உள்ளே பிளக்கும். 2008 ஒக்டோபரில் வந்த சுற்றறிக்கை புதிய வழிபாட்டுத் தலம் கட்டுவதற்கு அமைச்சின் முன் அனுமதி வேண்டும் என்றது. வீட்டு ஜெபக்கூட்டத்தை நிறுத்தச் சொல்பவர்களும் அதையே நீட்டினார்கள். வாசலில் தர்க்கம் வேண்டாம். வந்த அதிகாரியின் பெயரையும் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்து, எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேட்க வேண்டும். முழு இரவு ஜெபத்தில் இரவு பத்துக்குப் பின் ஒலிபெருக்கியை நிறுத்திவிட வேண்டும். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பின், அதில் இறந்த மட்டக்களப்பு சீயோன் சபையின் பிள்ளைகளை நினைத்து, வாசலில் பை சோதிக்கிறோம். அந்தக் கடமையில் நிற்பவர் தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்தவராக இருந்தால் புதிதாக வருகிறவர் பயந்து திரும்ப மாட்டார்.

இத்தனைக்குப் பின்னும் சபை பிரியலாம். பிரிந்தால் போகிறவர்களிடம் கொடுக்க வேண்டியவை உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டின் மூலப்பிரதி சபையிலேயே இருக்கும். அதிலிருந்து அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சான்றுப்படுத்திய பிரதி கொடுக்க வேண்டும். திருமணப் பதிவு ஆவணங்கள் எந்தத் தரப்பாரின் வீட்டுக்கும் போகக் கூடாது. கீபோர்ட்டைக் காணிக்கையாகக் கொடுத்தவர் அதைத் திரும்பக் கேட்டால், அது கொடையாகப் பதியப்பட்டதா, இரவலாகப் பதியப்பட்டதா என்று பார்த்து முடிவெடுக்கலாம். கடிதங்களை மட்டும் பிடித்துவைக்கக் கூடாது. கோபத்தில் சில சபைகள் பரிந்துரைக் கடிதத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்கின்றன. மிஷனரிமார் தொடங்கிய பாடசாலைகளில் தரம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கும் பெற்றோருக்குச் சபைக் கடிதமும் ஞானஸ்நானச் சான்றிதழும் முடிவுத் திகதிக்கு முன் வேண்டும். கேட்டு வந்த கிழமையிலேயே, சபை முத்திரையோடு, பிரிவைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் அதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.