எஸ்டீமுக்கு ஹைட்ராலிக் கிளட்ச்: காணாமல் போன மில்லிமீட்டர்கள்

ஒருவழியாக ரிவர்ஸ் கியர் கறகறவென்று கத்தாமல் விழுகிறது. மாருதி எஸ்டீமில் கம்பெனி கொடுத்த கிளட்ச் கேபிளைத் தூக்கிவிட்டு, திரவ அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் போட்ட வேலை, முக்கால்வாசி முடிந்தது.

மாற்றியதற்குக் காரணம் தெரிந்ததுதான். கனமான பிரஷர் பிளேட் (கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிப்பது) போட்டதும் கேபிள் உறை நெளிய ஆரம்பித்தது. போதாததற்கு ஹெடர் (புகைக்குழாய்) சூடு வேறு. கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் நாலு ரவுண்டு ஓட்டினால் பெடல் இறங்கிவிடும்.

பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் 5/8 இஞ்ச் விட்டம், அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் 3/4 இஞ்ச். பெடல் ரேஷியோ 6:1. பெடல் 150 மி.மீ. போனால் மாஸ்டர் 25 மி.மீ. தள்ளும், ஸ்லேவ் தண்டு 17 மி.மீ. சொச்சம் நகர வேண்டும். புஷ்ராடுக்கு விடும் 1 மி.மீ. இடைவெளியைக் கழித்தாலும் 16.7 வரணும். வெர்னியரில் வந்தது 13. இந்த மூணரை மில்லி எங்கே போனது?

எல்லாரும் "காத்து இருக்கு, இன்னொரு தடவை பிளீட் பண்ணு" (அதாவது காற்றை வெளியேற்று) என்றார்கள். எனக்கு ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) மேல்தான் சந்தேகம். அசைவை அளக்கும் டயல் கேஜை மாஸ்டர் ஃபிளாஞ்சில் வைத்து, நண்பனை பெடலை மிதிக்கச் சொன்னேன். முள் 3 மி.மீ. சுற்றியது! கேபிள் உறையைத் தாங்குவதற்கென்று அடித்த மெல்லிய தகடு, மாஸ்டரோடு சேர்ந்து எஞ்சின் பக்கமாகப் பிதுங்குகிறது. ஸ்லேவில் அதுவே 2 மில்லி திருட்டு. இரண்டு பக்கமும் 4 மி.மீ. இரும்புத் தகடு வைத்து, பெடல் பிராக்கெட்டோடு சேர்த்து போல்ட் போட்ட பிறகு அசைவு அரை மில்லிகூட இல்லை. ஸ்லேவில் 15 வந்தது.

மீதி உண்மையிலேயே காற்றுதான். என் பிராக்கெட்டில் ஸ்லேவ் சாய்ந்து உட்கார்வதால், காற்றை வெளியே விடும் நிப்பிள் உச்சியில் வராது. பெடலை எவ்வளவு அமுக்கினாலும் அந்தக் குமிழி அசையாது. ஸ்லேவைக் கழற்றி, தண்டை முழுசாக உள்ளே தள்ளிக் கிளாம்ப் போட்டு, நிப்பிள் மேலே பார்க்கப் பிடித்து, 50 மி.லி. சிரிஞ்சால் அங்கிருந்தே டாட் 4 பிரேக் ஆயில் ஏற்றினேன். ரிசர்வாயரில் குமிழிகள் பொங்கி வந்தன. இப்போது 16.5. (பெயிண்ட் மேல் சொட்டு விழுந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.)

ஹோஸ் விஷயம் தனிப் புலம்பல். மாஸ்டர் வாய் 3/8-24 இஞ்ச் மரை. ஒரு கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று எம்10 (10 மி.மீ. மரை) பான்ஜோ இணைப்பைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், மரை சேரவே சேராது. கடைசியில் கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறையில் அடாப்டர் கடைந்து வாங்கினேன். ஸ்லேவ் சென்னை புதுப்பேட்டையில் வாங்கிய பழைய சரக்கு. உடம்பு நன்றாக இருந்ததால் ரப்பர் கிட் மட்டும் புதுசு.

பெடல் ஸ்டாப் (பெடல் அளவுக்கு மேல் போகாமல் நிறுத்தும் தடுப்பு) இன்னும் வைக்கவில்லை. அது இல்லாமல் ஆவேசமாக மிதித்தால் பிரஷர் பிளேட்டின் டயஃப்ரம் ஸ்பிரிங் விரல்கள் அளவுக்கு மேல் வளையும், தெரியும். ஆனால் மனசு ஃப்ளைவீலுக்கு (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) போய்விட்டது. பழையதையே கடைந்து எடை குறைக்கலாமா என்று கேட்டால், "தம்பி, வார்ப்பிரும்பை அவ்வளவு தோண்டினா நான் அந்தக் கார்ல ஏற மாட்டேன்" என்கிறார் லேத்துக்காரர். அதனால் ஸ்டீலில் புதுசாகவே செய்யச் சொல்லி விலை கேட்டிருக்கிறேன்.