பெய்ஜிங் அரண்மனையின் அந்தப்புரத்தைப் பார்க்கப் பட்ட பாடு

பெய்ஜிங்கில் தடைசெய்யப்பட்ட நகரம் என்று அழைக்கப்படும் பழைய அரண்மனைக்குச் சுற்றுலாக் குழுவோடு போகிறவர்களில் பலர், சீனப் பேரரசர்களின் மனைவியர் வாழ்ந்த மாளிகைகளைப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள். தெற்கே ஊமென் வாசலில் உள்ளே விட்டு, நடுவில் இருக்கும் சிம்மாசன மண்டபங்களை வரிசையாகக் காட்டி, வடக்கே ஷென்வூமென் வாசலில் வெளியே கொண்டுவந்து நிறுத்துவதுதான் முகவர்கள் வழக்கமாக விற்கும் பயணம். அந்த நடுப்பாதைக்குக் கிழக்கே ஆறும் மேற்கே ஆறுமாகப் பன்னிரண்டு மாளிகைகள் இருக்கின்றன. மிங், சிங் வம்சங்களின் சக்களத்திப் போர்கள் பெரும்பாலும் நடந்தது அங்கேதான். அதைப் பார்ப்பதற்காகவே நானும் என் அக்காவும் அக்டோபர் கடைசியில் போனோம். பார்த்தும்விட்டோம். ஆனால் அதற்குள் பட்ட அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

விசாவும் விமானமும் சிக்கலின்றி முடிந்தன. சிக்கல் நுழைவுச்சீட்டில்தான் வந்தது. இந்த அரண்மனைக்குக் காகிதச் சீட்டு கிடையாது. கடவுச்சீட்டு எண்ணைக் கொடுத்து முன்பதிவு செய்துகொண்டு, வாசலில் அசல் கடவுச்சீட்டைக் காட்டி நுழைய வேண்டும். எங்களுக்கு முன்பதிவு செய்தவர் ஊரில் இருந்த ஒரு பயண முகவரின் ஊழியர். அக்காவின் கடவுச்சீட்டு எண்ணில் 8 இருக்க வேண்டிய இடத்தில் அவர் 3 என்று அடித்திருந்தார். போதாக்குறைக்கு அப்பாவின் பெயரை அக்காவின் பெயராகவும் போட்டிருந்தார். இனிஷியலை விரித்துக் கடவுச்சீட்டில் போட்டிருக்கும் நம் எல்லோருக்கும் இந்தத் தொல்லை தெரிந்ததுதான். முந்தைய இரவு இதைக் கவனித்து அவரைத் தொலைபேசியில் பிடித்தபோது, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மேடம், பாஸ்போர்ட்டைக் காட்டினா விட்டுடுவாங்க" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

விடவில்லை. வாசலில் இருந்த பெண் கடவுச்சீட்டைக் கருவியில் வைத்துப் பார்த்து, தலையசைத்து, பக்கத்தில் ஒதுங்கச் சொன்னார். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த எண்ணில் பதிவே இல்லாதபோது அவர் வேறென்ன செய்ய முடியும்? அன்றைக்குப் பிற்பகல் சீட்டுகளும் முன்பே தீர்ந்துபோயிருந்தன. அக்காவை வெளியே விட்டுவிட்டு நான் மட்டும் உள்ளே போக மனம் வரவில்லை. முகவர் பதிவு செய்து கொடுத்த விவரத்தை வாங்கியவுடனே கடவுச்சீட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் ரத்து செய்து புதிதாகப் பதியச் சொல்லுங்கள். "காட்டினால் விட்டுவிடுவார்கள்" என்ற பேச்சை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

வீணான அந்த நாளில் ஒரு நல்லதும் நடந்தது. அரண்மனையின் வடக்கு வாசலுக்கு எதிரே ஜிங்ஷான் என்ற செயற்கைக் குன்று இருக்கிறது. அதன் உச்சி மண்டபத்திலிருந்து பார்த்தால் அரண்மனை முழுவதும் மஞ்சள் ஓடுகளாகக் கீழே விரிகிறது. நடுவில் பெரிய கூரைகள். இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கட்டங்களாக அந்தப்புர முற்றங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் கொண்டது. முன்கட்டு, பின்கட்டு, பக்கக்கட்டுகள், சுற்றிலும் மதில் என எல்லாம் ஒரே அச்சு. ஒருத்தியின் முற்றத்தில் யார் வந்தார்கள் என்பது பக்கத்து முற்றத்துக்காரிக்குத் தெரியாது. ஆனால் இடையே ஓடும் நீண்ட சந்தில் பல்லக்கோ, அண்ணகர்கள் எனப்படும் ஆண்மை நீக்கப்பட்ட பணியாளர்களோ போகும் ஓசை கேட்கும். அரைகுறையாகக் கேட்டதை வைத்துக்கொண்டு ஊகித்தே வாழ வேண்டிய அமைப்பு அது. அந்தப்புரச் சூழ்ச்சிகள் எப்படி வளர்ந்தன என்பதை எந்தப் புத்தகத்தையும்விட அந்தக் கூரைகள் எனக்குத் தெளிவாகச் சொல்லின.

மறுபதிவை நாங்களே செய்தோம். சீட்டுகள் ஏழு நாள் முன்னதாக பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்குத் திறக்கின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் அது மாலை 5.30. நாங்கள் தேடியபோது அண்மை நாட்கள் எல்லாம் தீர்ந்திருந்தன. யாரோ ரத்து செய்த இரண்டு இடங்கள் மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்ததில் கிடைத்தன. திங்கட்கிழமை பொது விடுமுறையாக இருந்தாலொழிய அரண்மனை மூடியிருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கட்டணம் 60 யுவான், மற்ற மாதங்களில் 40. இதோடு கருவூலக் காட்சிக்கூடத்துக்குத் தனியாக 10 யுவான் உண்டு. முகவர் எங்களுக்கு அதை எடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நகை பார்க்கும் ஆசை இல்லாவிட்டாலும் இதைக் கட்டாயம் எடுங்கள். குவாங்ஷு பேரரசரின் துணைவியான ஜென் தேவி உயிரிழந்ததாகச் சொல்லப்படும் கிணறு அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

அடுத்த இடி டாக்ஸியில் விழுந்தது. அரண்மனை என்று வரைபடத்தில் காட்டியதும் ஓட்டுநர் எங்களை வடக்கு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அது வெளியேறும் வாசல் மட்டுமே. உள்ளே நுழைவது தெற்கே ஊமென் வழியாகத்தான். 10 மீட்டர் உயர மதிலையும் 52 மீட்டர் அகல அகழியையும் சுற்றிக்கொண்டு, முன்பதிவு நேரம் கரைவதைப் பார்த்தபடியே நடந்தோம். டோங்ஹுவாமென் என்ற கிழக்கு வாசல் பக்கம் இறங்கி அகழியோரமாகத் தெற்கே நடப்பது நல்ல வழி. தியனன்மென் சதுக்கத்துச் சோதனை வரிசையும் அதற்கான தனி முன்பதிவும் இதனால் மிச்சமாகும்.

உள்ளே போன பிறகு எல்லாம் நம் கையில். நடுப்பாதையில் நாங்கள் நின்று பார்த்தது சியான்சிங் மாளிகையை மட்டும்தான். அங்கே சிம்மாசனத்துக்கு மேல் தொங்கும் பெயர்ப்பலகைக்குப் பின்னால், அடுத்த பேரரசரின் பெயரை எழுதிப் பெட்டியில் மறைத்துவைக்கும் வழக்கத்தை யோங்ஜெங் பேரரசர் 1723-இல் கொண்டுவந்தார். பட்டத்து இளவரசன் யார் என்பது வெளியே தெரியாதவரை அவன் தாயைச் சுற்றிக் கூட்டமும் சேராது, அவனுக்கு எதிராகச் சதியும் திரளாது என்பது கணக்கு. யோங்ஜெங் பதவிக்கு வருமுன் அவருடைய சகோதரர்களிடையே நடந்த போட்டியை நினைத்தால், இந்தப் பெட்டியின் அருமை புரியும்.

சியான்சிங் மாளிகைக்கு முன்னால் சியான்சிங் வாசலும், அதற்கு வெளியே அகலமான முற்றமும் உண்டு. அந்த முற்றத்தில் வடக்கு நோக்கி நின்றால் இடப்பக்கம் ஒரு சிறு வாசல் தெரியும். அதுதான் மேற்கு மாளிகைகளுக்கு வழி. மாளிகையைப் பார்த்து முடித்ததும் அந்த முற்றத்துக்கே திரும்பி அதில் நுழைந்தோம். கூட்டம் நேரே போய்க்கொண்டிருக்க, இடப்பக்கம் திரும்பியவுடனே இரைச்சல் அடங்கிவிட்டது. அரண்மனைக்குள் நாங்கள் பெற்ற முதல் வெற்றி அதுதான்.

மேற்கு மாளிகைகளில் நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் சூஷியு மாளிகை. பிற்காலத்தில் சீனாவையே ஆண்ட சிஷி, 1852-இல் அரண்மனைக்கு வந்தபோது குய்ரென் என்ற தாழ்ந்த படியில்தான் இருந்தார். சிங் காலத்து அந்தப்புரத்தில் பட்டத்தரசிக்குக் கீழே ஹுவாங்குய்ஃபெய், குய்ஃபெய், ஃபெய், பின், குய்ரென், சாங்ஸாய், தாயிங் என ஏழு படிகள் இருந்தன. சோறு, துணி, விறகு, மெழுகுவர்த்தி, பணிப்பெண்கள் என அனைத்தும் படிக்கு ஏற்பத்தான். பட்டத்தரசிக்கு ஆண்டுக்கு 1000 தேல் வெள்ளியும் 10 பணிப்பெண்களும். குய்ரெனுக்கு 100 தேலும் 4 பணிப்பெண்களும். கடைசிப் படியான தாயிங்குக்கு 30 தேலும் 2 பணிப்பெண்களும். ஒரு தேல் ஏறத்தாழ 37 கிராம். சிஷி 1854-இல் பின் ஆனார். 1856-இல் இந்த மாளிகையின் பின்கட்டில் ஆண் குழந்தையைப் பெற்று ஃபெய் ஆனார். அடுத்த ஆண்டே குய்ஃபெய். 100 தேலில் தொடங்கியவர் ஐந்தே ஆண்டுகளில் 600 தேலுக்கு வந்துவிட்டார். தொலைக்காட்சித் தொடர்களில் வரும் நஞ்சும் மந்திரமும் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே போட்டியை ஓயாமல் மூட்டிக்கொண்டிருந்தது இந்தப் படிக்கட்டுதான் என்பது என் கருத்து.

அறைக்குள் போக முடியாது. கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடியில் நம் முகமும் வெளி வெயிலும்தான் முதலில் தெரியும். இரண்டு கைகளையும் குவித்துக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டவைத்தால் ஆசனமும் திரைகளும் பீங்கான் சாடிகளும் மெல்லத் துலங்கும். பின்னால் நிற்பவர்கள் நெருக்குவார்கள். அசையாமல் நிற்க வேண்டும். அக்கா அந்தக் கலையில் நன்றாகவே தேறிவிட்டாள்.

சிஷியின் 50-ஆம் பிறந்தநாளை ஒட்டி, 1884-இல் இந்த மாளிகையை 6,30,000 தேல் செலவில் புதுப்பித்தார்கள். ஒரு தாயிங் 21,000 ஆண்டுகள் வாழ்ந்தால் வாங்கியிருக்கக்கூடிய வெள்ளி அது. அப்போது சூஷியுவின் முன்வாசலையும் மதிலையும் இடித்து, தெற்கே இருந்த யிகுன் மாளிகையோடு இணைத்துவிட்டார்கள். ஜிங்ஷான் உச்சியிலிருந்து நாங்கள் கண்ட ஒரே அச்சு இங்கே உடைந்துவிடுகிறது. இடையில் இருக்கும் திஹெ மண்டபத்தைப் பலரும் நடைபாதை என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். நில்லுங்கள். சிஷி தத்தெடுத்து அரியணையில் அமர்த்திய குவாங்ஷு பேரரசருக்கு 1888-இல் பெண் தேர்ந்தெடுத்தது அங்கேதான். ஐந்து பெண்கள் நின்ற வரிசையில், தமக்குப் பிடித்த பெண்ணிடம் பட்டத்தரசிக்குரிய ருயி கோலைக் கொடுக்கக் குவாங்ஷு கை நீட்டியபோது சிஷி அதட்டினார் என்றும், வரிசையின் முதலில் நின்ற தம் தம்பி மகளிடமே அதைக் கொடுக்கவைத்தார் என்றும் ஓர் அண்ணகர் சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்தக் காட்சி அப்படியே நடந்ததோ இல்லையோ, முடிவு அதுதான்: தம்பி மகள் லோங்யு பட்டத்தரசியானார், அக்காள் தங்கையான ஜின்னும் ஜென்னும் துணைவியராக 1889-இல் அரண்மனைக்குள் வந்தார்கள். பேரரசருக்குப் பிடித்தவள் ஜென், மாமியாருக்கு வேண்டியவள் லோங்யு. குடும்பச் சண்டை தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மேற்கிலிருந்து கிழக்கு மாளிகைகளுக்குப் போக நடுப்பாதையைக் கடக்க வேண்டும். கிழக்கில் ஜென் வாழ்ந்த ஜிங்ரென் மாளிகை இருக்கிறது. 1894-இல் அக்காளும் தங்கையும் ஃபெய் நிலைக்கு உயர்ந்து, அதே ஆண்டிலேயே பதவிக்குச் சிபாரிசு விற்ற குற்றச்சாட்டில் குய்ரென் நிலைக்கு இறக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு நிலை திரும்பக் கிடைத்தது. 1898-இல் குவாங்ஷுவின் சீர்திருத்த முயற்சியைச் சிஷி முறியடித்த பிறகு ஜென் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டார்.

கிழக்கில் ஏமாற்றம் தருவது யான்ஷி மாளிகை. 2018-இல் வந்த ஒரு தொடருக்குப் பிறகு அதைத் தேடி வருகிறவர்கள் ஏராளம். எங்களிடமும் இரண்டு பேர் வழி கேட்டார்கள். உள்ளே போனால் தொடரில் கண்ட அந்தப்புரம் எதுவும் இல்லை. 1845-இல் தீயில் அழிந்த இடத்தில், 1909-இல் கண்ணாடிச் சுவரும் நீர்த்தொட்டியுமாக மேலைநாட்டுப் பாணி மாளிகை ஒன்றைக் கட்டத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார்கள். வெண்கல்லும் துருவேறிய இரும்புச் சட்டமும்தான் நிற்கின்றன. சிலர் எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்துத் திரும்பினார்கள். ஆட்சி ஆட்டம் கண்டிருந்த நேரத்தில் கஜானாவும் காலியாக இருந்தபோது கட்டிய கட்டடம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. எங்களுக்கு அது பிடித்திருந்தது.

கிணறு கருவூலப் பகுதியின் வட கோடியில் ஜென்ஷுன் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1900 ஆகஸ்டில் எட்டு நாட்டுப் படைகள் நகருக்குள் வந்தபோது, தப்பியோடுவதற்கு முன் சிஷி ஜென்னை இதில் தள்ளச் சொன்னதாகவும், சுய் யுகுய் என்ற அண்ணகர் தள்ளியதாகவும் சொல்லப்படுகிறது. அவரே குதித்தார் என்று சொல்பவர்களும் உண்டு. அப்போது அவருக்கு 24 வயது. எதிர்பார்த்ததைவிட மிகச் சிறிய வாய். நெருக்கமாகச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்துக்கு நடுவே முதலில் கண்ணில் படவே இல்லை. பார்த்த பலரும் இதற்குள் ஆளைத் தள்ள முடியுமா என்றுதான் ஆளுக்கொரு மொழியில் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

வரிசையை மாற்றிவிடாதீர்கள்: மேற்கு, பிறகு கிழக்கு, கடைசியில்தான் கிணறு. கிணற்றைத் தாண்டினால் வடக்கு வாசல் பக்கம். வெளியேறிவிட்டால் அதே சீட்டில் திரும்ப நுழைய முடியாது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாலை 4 மணிக்கும் மற்ற மாதங்களில் 3.30-க்கும் நுழைவு நின்றுவிடும் என்பதால், காலைச் சீட்டு கிடைத்தால் பிற்பகல் சீட்டைப் பார்க்கவே வேண்டாம். முகவர் நுழைவுச்சீட்டுப் பணத்தை மட்டும் திருப்பித் தந்தார். வழிகாட்டிக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டால் இன்னும் "பார்த்துச் சொல்றேன் மேடம்" என்றுதான் பதில் வருகிறது. கேட்பதை நானும் விடுவதாக இல்லை.