ரேகை விழாத விரல்கள்

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம் 2023 ஜூலை 24 அன்று எங்கள் தருமபுரி மாவட்டத்துத் தொப்பூரில் தொடங்கி வைக்கப்பட்டது. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலை வகுப்பு எடுத்துவந்த என்னைப் பென்னாகரம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், கைப்பேசியும் ரேகைக் கருவியும் கொடுத்துப் பதிவுக்கு உட்கார வைத்தார்கள். நான் பெண்களுக்குப் பதிந்து கொடுத்த உரிமைத் தொகையும் மாதம் ஆயிரம்தான்.

ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று விதிகள் இருந்தன. மானாவாரிக் காட்டை நம்பியிருக்கும் எங்கள் பக்கத்தில் ஏழைகள் இவற்றில் இடறவில்லை. அவர்களை இடறவைத்தது எந்தப் படிவத்திலும் எழுதப்படாத ஒரு நிபந்தனை: முகாமுக்கான டோக்கன் கொடுக்க வரும் நாளில் வீடு திறந்திருக்க வேண்டும். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன குடும்பங்களின் வீடுகளோ பூட்டிக் கிடந்தன.

அப்படி டோக்கன் தவறிய ஒரு சித்தாள் அக்கா, அக்கம்பக்கத்தார் சொல்லிக் கேள்விப்பட்டு, இரவுப் பேருந்தில் வந்து வரிசையில் நின்றார். சிமெண்டும் செங்கல்லும் தின்ற விரல்களில் ரேகை விழவில்லை. ஆதாரோடு இணைத்த கைப்பேசிக்கு வரும் ஓடிபியைக் கேட்கலாம் என்றால், அந்த எண்ணோ ஒரு மேஸ்திரியுடையது, அவர் எடுக்கவில்லை. "நம்பரை மாத்திட்டு வாங்கக்கா" என்று அனுப்பிவிட்டேன். பின்னால் நூறு பேர் நின்றார்கள் என்பது உண்மைதான் என்றாலும், பத்து விரலையும் வைத்துப் பார்க்காமல் அனுப்பியது என் தவறு.

இது புதிய சிக்கலும் அல்ல. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதலில் முளைத்தது தருமபுரியில்தான். பின்னாளில் என் அம்மா சேர்ந்த குழுவில், வாரச் சந்தா கட்ட ஊரில் இருப்பவர்களைத்தான் சேர்த்தார்கள். பிழைக்க வெளியூர் போனவள் குழுக் கடனுக்கும் வெளியாள் ஆனாள். நூறு நாள் வேலையும் அப்படித்தான், ஊரில் இருப்பவருக்கே. மகளிர் உரிமைத் தொகையை இலவசம் என்று பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஊரை விட்டுப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருப்பவரிடம், ஊரில் இருந்தால்தான் உதவி என்று ஒவ்வொரு திட்டமும் சொல்லாமல் சொல்வதை முகாமில் உட்கார்ந்த பிறகே புரிந்துகொண்டேன்.

ஆகஸ்டில் விடுபட்டோருக்கான சிறப்பு முகாமுக்கு அதே அக்கா மீண்டும் வந்தார். எண்ணை இன்னும் மாற்றவில்லை. இந்த முறை ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னேன். விரலைத் தலைமுடியில் தேய்த்துத் தேய்த்து வைத்தார். ஒன்பதாவதாக வைத்த இடக்கை மோதிர விரலுக்குக் கருவியில் பச்சை எரிந்தது. "இவ்வளவுதானா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, பணம் எப்போது வரும் என்றுகூட விசாரிக்காமல், பெங்களூருக்கு அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார்.