கீழ் வீட்டு சிகரெட், மேல் வீட்டு பாத்ரூம்

அபார்ட்மென்ட்ல சிகரெட் புகை வருதுன்னு யார்கிட்ட சொன்னாலும் முதல்ல வர்ற பதில், ஜன்னலை சாத்திக்கோங்க மேடம்ங்கிறதுதான். ஜன்னல் வழியா வந்தாதானே சாத்தறதுக்கு? எங்க வீட்டுக்கு வர்றது பாத்ரூம் வழியா. காலைல ஆறு மணி வாக்குல அத்தை குளிக்கப் போவாங்க, உள்ள போன உடனே இருமல் ஆரம்பிச்சுடும், ஏற்கனவே வீசிங் இருக்கிறவங்க, பாதி குளியல்ல வெளிய வந்து இன்ஹேலரைத் தேடுவாங்க. வீட்டுல ஒருத்தரும் சிகரெட்டைத் தொட்டது கிடையாது. கொஞ்ச நாள் என் வீட்டுக்காரர் மேலயே அத்தைக்கு சந்தேகம், பெத்த பிள்ளைன்னும் பார்க்காம பேன்ட் பாக்கெட்டை எல்லாம் செக் பண்ணாங்க பாவம்.

விஷயம் என்னன்னா கீழ் ஃப்ளாட் சார். தங்கமான மனுஷன், மோட்டார் ரிப்பேர்னா முதல் ஆளா வந்து நிப்பார். அவர் வீட்டுல ஹால்லயும் பிடிக்கக் கூடாது பால்கனிலயும் பிடிக்கக் கூடாதுன்னு அந்த அக்கா கண்டிஷனா சொல்லிட்டாங்க, அதனால பாத்ரூம். அதுவும் காலைல ஒண்ணு பத்த வச்சாதான் வயித்துக்கு வழி பிறக்கும்ங்கிற கட்சி, நம்ம ஊர்ல அந்தக் கட்சிக்கு மெம்பர் ஜாஸ்தி. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுட்டு உட்கார்ந்துடுவார். அவர் வீட்டுல துளி வாசனை இருக்காது, எல்லாம் டக்ட்டுக்குள்ள போயிடும்.

சென்னைல கொஞ்சம் பழைய பில்டிங்ல இருக்கிறவங்களுக்கு இந்த டக்ட் எப்படி இருக்கும்னு தெரியும். குறுகலா ஒரு சதுரம், எல்லா மாடி பாத்ரூம் ஜன்னலும் அதுலதான் திறக்கும், உள்ள தண்ணி பைப்பு, கழிவு பைப்பு, எவனோ தூக்கிப் போட்ட ஷாம்பு பாக்கெட்டு, புறா. விடியக்காலைல வெளிக்காத்து குளிர்ந்திருக்கும், டக்ட்டுக்குள்ள நாலு வீட்டு வெந்நீர் ஆவி சேர்ந்து கொஞ்சம் சூடா இருக்கும், சூடான காத்து மேல ஏறும், புகையும் கூடவே ஏறும். எங்க மூணாவது மாடிதான் கடைசி. டக்ட்டுக்கு மேல மழைக்காக ஷீட் வேற போட்டு மூடி வச்சிருக்காங்க, அதனால ஏறின புகை வெளிய போக வழி இல்லாம எங்க பாத்ரூம் வாசல்ல வந்து தேங்குது.

இதை விடப் பெரிய கூத்து கிச்சன் சிம்னி. அது நிமிஷத்துக்கு நிமிஷம் வீட்டுக் காத்தை வெளிய தள்ளுது இல்லையா, தள்ளின அளவு காத்து எங்கேயாவது இருந்து உள்ள வந்தே ஆகணும். ராத்திரி ஏசிக்காக சாத்தின ஜன்னலை காலைல சமைக்க ஆரம்பிக்கிற நேரத்துக்கு யாரும் திறந்திருக்க மாட்டோம், மிச்சம் இருக்கிற ஒரே ஓட்டை பாத்ரூம் லூவர்ஸ் கண்ணாடி. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அந்தக் கண்ணாடி கிட்ட பிடிச்சுப் பாருங்க, சிம்னி ஆஃப்ல இருக்கும்போது புகை பாட்டுக்கு நேரா ஏறும், சிம்னியைப் போட்டா அப்படியே வீட்டுக்குள்ள பார்த்து சாயும், கிச்சன் ஜன்னலைத் திறந்து விட்டா மறுபடி நிமிரும். நான் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் இன்ஜினியர், ஆமா நெகட்டிவ் பிரஷர்னு சொல்லிட்டு ஹிந்து படிக்கப் போயிட்டார்.

அசோசியேஷன் குரூப்புல போட்டேன். யார் பேரும் சொல்லாம, காலைல டக்ட் வழியா புகை வருது, கொஞ்சம் பார்த்துக்கோங்கன்னு மட்டும்தான் போட்டேன். ஒருத்தர் நுரையீரல் படம் போட்ட ஃபார்வர்டு அனுப்பினார். இன்னொருத்தர், ஸ்மெல்லைப் பத்தி பேசறதுன்னா எல்லா ஸ்மெல்லையும் பேசணும், சிலர் வீட்டுல ஞாயித்துக்கிழமை மீன் வறுக்கிறாங்க, அதுக்கும் ரூல் போடுங்கன்னு ஆரம்பிச்சார். அங்கதான் எனக்கு சுருக்குன்னு ஆச்சு. இந்த ஊர்ல வாசனைன்னு ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு யாருக்கு வீடு குடுக்கணும் யாருக்குக் குடுக்கக் கூடாதுன்னு எத்தனை பேர் முடிவு பண்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். கருவாடு வறுத்தா மூக்கைப் பொத்திக்கிட்டா போச்சு. சிகரெட் புகையில ஏழாயிரத்துக்கு மேல கெமிக்கல் இருக்கு, அதுல குறைஞ்சது எழுபது கேன்சர் வரவைக்கிற ரகம், வீசிங் இருக்கிறவங்களுக்கு கொஞ்சம் பட்டாலே மூச்சு இறுகும். ரெண்டையும் ஒரே தீர்மானத்துல போடறதா இருந்தா எனக்கு அந்தத் தீர்மானமே வேணாம்னு சொல்லிட்டு போஸ்ட்டை வாபஸ் வாங்கிட்டேன்.

சட்டமும் இங்க பெருசா உதவாது. 2003ல வந்த புகையிலை சட்டம் இருக்கு, பொது இடத்துல பிடிச்சா 200 ரூபா வரைக்கும் ஃபைன். சொந்த வீட்டு பாத்ரூம் பொது இடம் கிடையாது. காத்தைக் கெடுக்கிறதுக்கு தனியா ஒரு செக்‌ஷன் இருக்குன்னு ஒரு வக்கீல் சொந்தக்காரர் சொன்னார், இருக்கட்டும், தினம் லிஃப்ட்ல முகம் பார்க்கிற ஆளு மேல போய் ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்போமா?

நேர்ல பேசறதுதான் வழின்னு தோணுச்சு. ஆனா விட்டுடுங்க சார்னு சொல்லக் கூடாதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். அந்த அட்வைஸை அவர் தினமும் கேட்டுட்டுதான் இருப்பார், பாக்கெட்டுலயே 85 சதவீதம் படத்தோட எச்சரிக்கை, விடறதுக்கு உதவின்னு 1800-11-2356 நம்பர் வேற போட்டிருக்கு, அதுக்கு மேல நான் என்ன சொல்லிடப் போறேன். பார்க்கிங்ல பார்த்தப்ப, சார் உங்க எக்ஸாஸ்ட் ஃபேன் காத்து நேரா எங்க பாத்ரூமுக்கு வருது சார், அத்தைக்கு வீசிங்குன்னு சொன்னேன். மனுஷன் முகமே விழுந்துடுச்சு. ஐயோ அது வெளிய போயிடுதுன்னுல்ல நெனச்சேன்மா, அதுக்குத்தானே ஃபேனே போடறேன்னார். நிஜமாவே தெரியல அவருக்கு. மொட்டைமாடிக்குப் போகலாமேன்னு கேட்டா, அந்த நேரத்துக்கு பூட்டியிருக்கும்மா, சாவி வாட்ச்மேன்கிட்ட, அவர் எழுந்திருக்கவே ஆறரை ஆகும்ங்கிறார்.

செக்ரட்டரிகிட்ட போய் மொட்டைமாடிக்கு இன்னொரு சாவி செஞ்சு அவர்கிட்ட குடுக்க வச்சேன், காரணம் கேட்டதுக்கு சார் வாக்கிங் போறாராம்னு சொல்லிட்டேன். இப்ப பெரும்பாலும் மேலதான் போறார். மழை பெய்ஞ்சாலோ முட்டி வலின்னாலோ பழையபடி பாத்ரூம்தான், வயிறு சமாச்சாரம் வேற, எல்லா நாளும் மாடி ஏறி இறங்கற வரைக்கும் தாங்காது போல.

அதனால நம்ம பக்கமும் கொஞ்சம் வேலை பார்த்தோம். லூவர்ஸ் மேல அக்ரிலிக் ஷீட் அடிச்சு சிலிக்கான் போட்டு மூடியாச்சு, எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வெளிப்பக்கம் ஷட்டர், ஃபேன் ஓடும்போது திறக்கும், நின்னா தானா விழுந்து மூடிக்கும். சிம்னி போட்டா கிச்சன் ஜன்னல் திறந்தே ஆகணும்னு வீட்டுல ரூல். ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாம்னு என் தம்பி சொன்னான், ஹெப்பா ஃபில்டர் தூசியையும் புகைத் துகளையும் பிடிக்கும், நாத்தமும் கேஸும் அதுல நிக்காது, அதுக்கு கார்பன் ஃபில்டர் வேணும், சின்ன மாடல்கள்ல இருக்கிற கார்பன் பேருக்குத்தான். அந்தக் காசுக்கு சிலிக்கான் ட்யூப் எத்தனை வாங்கலாம்.

இன்னும் பாக்கி இருக்கிறது டக்ட் மேல இருக்கிற அந்த ஷீட்தான். நாலு பக்கமும் ஒரு அடி தூக்கி வச்சா மழையும் விழாது, காத்தும் போயிடும். அடுத்த மீட்டிங்ல கேக்கப் போறேன். சிகரெட்டுன்னு வாயே திறக்கறதா இல்ல, டக்ட் செவுரு ஓதம் அடிச்சு பெயிண்ட் உரியுது, செலவு இழுத்துவிடும்னு சொன்னா மீன் ஆளு உட்பட எல்லாரும் கை தூக்கிடுவாங்க.