ஈரம் காயாத பீச் கட்டையில் ஒரு சமையல் கரண்டி

ஜெர்மனியில் பீச் (beech) மரம் என்றதும் பலருக்கு நினைவு வருவது அடுப்பு விறகு. சமையல் கரண்டிக்கும் அதே மரம்தான். உணவில் அதன் வாசமோ சுவையோ இறங்காது. இழை நெருக்கம் என்பதால் விளிம்பு சிராய் கிளப்பாது. மழையில் கிடந்தால் மட்டும் சீக்கிரம் மக்கிவிடும்.

கட்டை 14 செ.மீ. குறுக்களவு, 30 செ.மீ. நீளம். விறகு விற்பவரிடம் பிளக்காத உருட்டாகக் கேட்டு வாங்கலாம். குளிர்காலத்தில் வெட்டியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோடையில் வெட்டியது, வெட்டுமுகத்திலிருந்தே பழுப்பேறிப் பூஞ்சை பிடிக்கும். காட்டில் நெருக்கம் குறைக்கக் கழித்த இளமரமே போதும். பருத்த கிழமரங்கள் காட்டிலேயே நிற்கட்டும்: கருப்பு மரங்கொத்தி பீச்சில்தான் விரும்பிப் பொந்து குடைகிறது, அது விட்டுப்போன பொந்தில் காட்டுப்புறாவும் வௌவாலும் குடியேறுகின்றன. கரண்டிக்காக அந்த வீட்டை இடிக்க வேண்டாம்.

முதல் நாள்: கட்டையை நட்டநடுவே பிளந்து, நடுப்புள்ளியை ஒட்டி 1 செ.மீ. மரத்தைச் செதுக்கி எறிந்தாயிற்று. இதைத் தவிர்க்கவே முடியாது. பீச் காயும்போது வளையங்களின் போக்கில் ஏறக்குறைய 12 சதவீதமும், நடுவிலிருந்து பட்டை நோக்கி 6 சதவீதமும் சுருங்கும். நடுப்புள்ளி உள்ளே இருந்தால் இந்த இழுபறிக்கு இடமில்லாமல் மரம் பிளந்துகொள்ளும்.

இரண்டாம் நாள்: பாதி செதுக்கியதை ஹீட்டர் ஓடும் அறையில் இரவு முழுக்க விட்டதில் கழுத்தில் வெடிப்பு. அது விறகுக்குப் போனது. அடுத்த பாதியில் வேலையை நிறுத்தும்போதெல்லாம் ஈரத்துணி சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃபிரிட்ஜில். வெடிப்பு இல்லை.

குழியைச் சுற்றிலும் 6 மி.மீ. கனம் ஒரே சீராக இருக்க வேண்டும். விளிம்பு 3, அடி 12 என்று விட்டால் விளிம்பு முந்திக் காயும், அடி சுருங்க மறுக்கும், விளிம்பு கிழியும்.

உலர்த்தல்: செதுக்கிய சீவல்களோடேயே காகிதப் பையில். தொடக்க எடை 92 கிராம், 12ஆம் நாள் 58, 15ஆம் நாள் 57, பிறகு அசையவில்லை. வட்டக் குழி சற்று நீள்வட்டமானது. அது பீச்சின் குணம்.

உப்புத்தாள் தேய்ப்பு: 120, 180, 240 எண் தாள்கள், இந்த வரிசையில். நனைத்து, எழும்பிய இழை காய்ந்ததும் மறுபடி 240. முகமூடி கட்டாயம்: பீச் தூளை நெடுநாள் சுவாசித்தால் மூக்குப் புற்றுநோய் வரலாம். கத்தியாலேயே முடித்தால் தூளே எழாது. கை பழகியவர்களுக்கு அதுவே மேல்.

உணவுக்கான ஆளிவிதை எண்ணெய், மெல்லிய பூச்சு மூன்று. ஒவ்வொன்றையும் 20 நிமிடத்தில் துடைத்து, மறுநாள் அடுத்தது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது படலமாக இறுகாது. துடைத்த துணியைக் கசக்கிப் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.