கடைமடைப் பங்கு

“கடைமடைக்கும் ஒழுங்காத் தண்ணி வந்துட்டுன்னா அது நம்ம ஆறு இல்லல்லா அண்ணாச்சி?”

தாமிரபரணித் தண்ணீரை வைத்து ஒரு போர்டு கேம் உருவாக்கிய பெண், எலுமிச்சம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டது இதுதான். கடைமடை என்றால் ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் வயல்கள். நான் சொன்ன பதிலும் நன்றாக நினைவிருக்கிறது. “விளையாட வாரவங்களுக்கு ஆறு எப்படி இருந்தா என்னம்மா? ஒரு ஆளு முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. இப்போதைக்கு அதைப் பாரு.” அவள் மறுபேச்சுப் பேசவில்லை. சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்து, விதிகள் எழுதிய தாளில் பென்சிலால் இரண்டு வரி சேர்த்தாள். நாலு மாதம் ஆகிவிட்டது. அந்த இரண்டு வரியை எழுத வைத்தது சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் நாங்கள் கூட்டும் போர்டு கேம் சந்திப்புகளில் சோதனை மேசைகள் என் பொறுப்பு. புதிதாக ஆட்டம் உருவாக்குகிறவர்களுக்கு முன்பின் தெரியாத நாலு பேரைப் பிடித்து உட்கார வைத்துக் கொடுப்பேன். சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் விளையாடிப் பார்த்தால் எந்த ஆட்டமும் நன்றாகத்தான் இருக்கும்; அவர்கள் ஆளுக்காக ஆடுவார்கள். அதனால்தான் வெளி ஆட்கள். உருவாக்கியவர் பக்கத்தில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது. ஆடுகிறவர்கள் விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஆடினாலும் குறித்துக்கொள்ள வேண்டுமே தவிரத் திருத்தக் கூடாது. கடையில் பெட்டியை வாங்கிப் போகிறவர் வீட்டுக்கெல்லாம் கூடவே போய் விளக்க முடியாதல்லவா? பெங்களூரில் இருந்த ஐந்து வருஷமும் இதே வேலையைப் பார்த்ததில் இந்தப் பழக்கங்கள் ஊறிப்போய்விட்டன. இன்னொரு பழக்கமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவள் கல்லிடைக்குறிச்சிக்காரி. கொண்டு வந்தது தாமிரபரணி ஆட்டம். பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த ஆறு. அதன் குறுக்கே எட்டு அணைக்கட்டு, வரிசை தப்பாமல்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். நாலு பேர் ஆட வேண்டும், ஆளுக்கு இரண்டு அணைக்கட்டு. பாபநாசம் அணைக்குப் பதில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மழைச்சீட்டைப் புரட்டி, அதில் போட்டிருக்கும் எண்ணிக்கைக்கு நீலப் பாசிமணிகளைக் கிண்ணத்தில் போட வேண்டும். பாசிதான் தண்ணீர். கிண்ணம் முதல் ஆளிடம் போகும். அவர் வேண்டிய மட்டும் எடுத்து வயலுக்கு விடலாம், குளத்திலும் தேக்கலாம், அப்புறம் கிண்ணத்தை அடுத்த ஆளிடம் தள்ள வேண்டும். கார், பிசானம் என்று இரண்டு நெல் போகம்; காருக்கு எட்டு சுற்று, பிசானத்துக்கு எட்டு சுற்று. தண்ணீரைக் கணக்குச் சீட்டில் எழுதிக் கழிக்காமல், கிண்ணத்தையே கைமாற வைத்தாள் பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முதல் ஆளிடம் போகும்போது கிண்ணம் சத்தமே போடாது, அவ்வளவு பாசி. மூன்றாவது ஆள் கைக்கு வரும்போது கலகலவென்று உருளும். நாலாவது ஆளுக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் வெறுங்கிண்ணம், மேசையில் உரசுகிற சத்தம் மட்டும்.

நாலாவது ஆள் என்ன செய்ய முடியும்? அவருக்கென்று விதியில் ஒன்றும் இல்லை. பேசலாம், அவ்வளவுதான். இப்போ நாலு விடு, பிசான அறுப்பில் உனக்குப் பங்கு தருகிறேன் என்று கேட்டுப் பார்க்கலாம். மேலே இருப்பவர் மனம் வைத்தால் உண்டு.

அன்று காலை நாலாவது இடத்தில் உட்கார்ந்தவர் ஏரல் பக்கத்துக்காரர், நிஜத்திலும் கடைமடை. மகனைக் கொண்டு விட வந்தவரை, ஒரு ஆள் குறைகிறதே என்று நான்தான் கூப்பிட்டேன். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: 11.05, கிண்ணம் காலி. 11.12, காலி. 11.20, நாலாம் ஆள் செல்போனை எடுத்துவிட்டார். கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன். கைக்குச் செல்போன் வந்துவிட்டால் ஆள் ஆட்டத்தில் இல்லை என்று அர்த்தம். புதியவர்களுக்கு நானே பலமுறை சொல்லிக் கொடுத்த பாடம். அதற்குள் பக்கத்து மேசையில் ஏதோ குழப்பம் என்று கூப்பிட்டார்கள், போய்விட்டேன். திரும்பி வரும்போது தாமிரபரணி மேசையில் ஒரே சத்தம். சண்டை என்றுதான் நினைத்தேன். கருத்துத் தாளில், எந்த இடத்தில் எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது என்ற கேள்விக்கு அவர் எழுதிய பதில்: ‘எல்லா இடத்திலும்.’

செல்போன், சத்தம், இந்தப் பதில். இதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் வேறு என்ன முடிவுக்கு வந்திருக்க முடியும்? அதற்கு முந்தைய சந்திப்பில் அதே இடத்தில் உட்கார்ந்த ஒரு கல்லூரிப் பையன் பாதியில் டீ குடிக்கப் போனவன் திரும்பவே இல்லை. விளையாட வந்த ஒருவருக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போவது ஆட்டத்தின் குறைதான். இதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. போதாக்குறைக்கு மூன்று மணிக்கு, ஆட்டங்களைத் தயாரித்து விற்கும் ஒரு நிறுவனத்திலிருந்து ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. ஜெர்மனியில் எசன் நகரத்தில் 1983 முதல் நடந்துவரும் அவ்வளவு பெரிய போர்டு கேம் கண்காட்சியில்கூடப் புது ஆளுக்குத் தயாரிப்பாளர் முன்னால் உட்காரக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். இங்கே நம் ஊருக்கு ஒருவர் ரயிலேறி வந்திருக்கிறார். அவர் கண் முன்னால் ஒரு ஆள் செல்போனை எடுத்துவிடக் கூடாதே என்ற பதைப்புதான் எனக்கு. அவளுக்காகத்தான் பதைத்தேன். அது பொய்யில்லை.

அப்போது சொன்னதுதான் அந்த யோசனை. கிண்ணம் நகருவதற்கு முன்னால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பாசியை எடுத்து நாலாவது ஆளுக்கென்று தனியே வைத்துவிடு. அவள் அதற்கு ‘கடைமடைப் பங்கு’ என்று பெயர் எழுதி, ஒரு டப்பா மூடியை நாலாவது இடத்துக்கு முன்னால் வைத்தாள்.

மூன்று மணி ஆட்டம் நன்றாக நடந்தது. 40 நிமிஷத்தில் முடிந்தது, யாரும் செல்போனை எடுக்கவில்லை. நாலு பேர் விளைச்சலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல வந்தது. கருத்துத் தாளில் எல்லோரும் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். வந்தவர் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார், விசிட்டிங் கார்டு கொடுத்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சுத்தமா இருக்கு சார். ஆனா இந்த மாதிரி எங்ககிட்ட நிறைய வருது” என்றார். சரி, முதல் தடவைதானே, இதுவே பெரிய விஷயம் என்று அவளிடம் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். அப்போதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மேசை அமைதியாக இருந்ததை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டேன்.

நாலரை மணிவாக்கில் ஏரல்காரர் மகனைக் கூட்டிப்போக வந்தார். வந்தவர் நேராக அந்த மேசைக்குப் போய், இன்னொரு ஆட்டம் போடலாமா என்று கேட்டார். எழுந்து போகத் தோன்றியது என்று எழுதியவர். யாரும் சொல்லாமல் அவரே நாலாவது இடத்தில் உட்கார்ந்தார். மழைச்சீட்டைப் புரட்டியதும் அவள் இரண்டு பாசியை எடுத்து அவர் முன்னால் இருந்த மூடியில் போட்டாள்.

“இது என்னம்மா?”

“உங்களுக்குத் தண்ணி மாமா.”

“யாரு விட்டது?”

அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்ற விதி அவளுக்கு. எனக்கு அப்படி ஒரு விதியும் கிடையாது. நானும் பேசவில்லை. கடைசியில் அவள்தான், “புது விதி மாமா” என்றாள். அவர் அந்த இரண்டு பாசியை விரலால் நகர்த்திப் பார்த்தார், எடுக்கவில்லை. மூன்று சுற்று ஆடியிருப்பார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, பங்குதான் வந்துவிடுகிறதே. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார்.

வாசல் வரைக்கும் கூடவே போனேன். காலையில் செல்போனில் அப்படி என்ன பார்த்தீர்கள் என்று கேட்க நினைத்துக் கேட்கவும் செய்தேன். “கணக்குல்லா தம்பி போட்டேன்” என்றார். “ஆறு சுத்துல அறுபத்திரெண்டு பாசி வந்துருக்கு. எனக்கு வந்தது நாலு. கூட்டிக் கழிச்சி அந்த மேல்மடைப் பையங்கிட்ட காட்டினேன். அவனால ஒண்ணும் பேச முடியல. அடுத்த சுத்துல ஏழு விட்டான்லா!” சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் சண்டை என்று நினைத்த சத்தம் அந்த ஏழு பாசிக்காக எழுந்த சத்தம்.

என் குறிப்பேட்டில் 11.20-க்கு எதிரே எழுதியிருப்பது பிசகில்லாத தகவல்தான். செல்போனை எடுத்தார், உண்மை. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. மூன்று மேசைக்கு ஒரு ஆள் என்றால் இப்படித்தான் ஆகும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். ஆனால் அவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் அங்கேயேதான் இருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அலுப்பும் ஆத்திரமும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கின்றன.

மேலே சொன்ன இன்னொரு பழக்கம் இதுதான். ஆட்டத்தில் எங்கே வலிக்கிறது என்று காட்டுவதோடு என் வேலை முடிந்தது. மருந்து உருவாக்கியவர் பாடு. விளையாடியவர்கள் சொல்லும் குறையைக் காது கொடுத்துக் கேள், அவர்கள் சொல்லும் தீர்வை உடனே எடுத்துக்கொள்ளாதே என்று வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லுவேன். அன்றைக்கு வலியை அரைகுறையாகப் பார்த்ததும் நான்தான், மருந்து எழுதிக் கொடுத்ததும் நான்தான். அதுவும் எலுமிச்சம் சோறு தின்கிற நேரத்துக்குள். பிடிக்கவில்லை என்றால் அவள் மறுத்திருக்கலாமே என்று தோன்றும். அண்ணாச்சி என்று கூப்பிடுகிற பிள்ளை, மேசையை ஒதுக்கிக் கொடுத்தவனிடம், மூன்று மணிக்கு ஆள் வரப்போகிற நாளில் எப்படி மறுக்கும்?

ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துக்கொள்கிறேன். புலி மூன்று, ஆடு பதினைந்து. இரண்டு பக்கத்துக்கும் பலம் வேறு, வழி வேறு. யாரும் அதைக் குறை என்று சொன்னதில்லை. பல்லாங்குழியில் தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்குக் குழி நிரப்பக் காய் இல்லாமல் குறைந்த குழியோடுதான் தொடங்குவார். என் ஆச்சி அதில் அழ வைத்திருக்கிறாள் என்னை. மறுநாள் மறுபடி போய் உட்காருவேன். சமமில்லாத ஆட்டத்தை ஆடி வளர்ந்தவன் எதற்காக இதை மட்டும் சமமாக்கப் பார்த்தேன்? எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம், மேல்மடை. தண்ணீருக்காக யாரிடமும் போய் நின்றதாக எங்கள் வீட்டில் கதைகூடக் கிடையாது. அவளுக்கு அம்மா பிறந்த ஊர் ஆழ்வார்திருநகரிப் பக்கம். கன்னடியன் கால்வாய்த் தண்ணீரையும் பார்த்திருக்கிறாள், கடைமடையையும் பார்த்திருக்கிறாள். இது காரணமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

அந்தக் கல்லூரிப் பையனும் உண்மைதானே? நாலாவது இடத்தில் உட்காருகிற எல்லோரும் ஏரல்காரர் இல்லை. மதுரையிலோ சென்னையிலோ ஒரு வீட்டில் இதைப் பிரித்து ஆடினால், கடைசி ஆளுக்குக் கணக்குப் போடத் தோன்றுமா, எழுந்து போகத் தோன்றுமா? எழுந்துதான் போவார்கள் என்று என் அனுபவம் சொல்கிறது. அனுபவம் 11.20-க்கும் அதைத்தான் சொன்னது.

போன வாரம் அவள் போனில் பேசினாள். மூடியை எடுத்துவிட்டாளாம். அதற்குப் பதில் என்ன என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கார் முடிந்ததும் எல்லோரும் இடம் மாறி உட்கார்ந்தால் என்ன, ஆடுபுலியில் பக்கம் மாறி ஆடுவோமே அப்படி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியும் விட்டேன், மறுபடியும். “யோசிக்கேன் அண்ணாச்சி” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “எங்க ஆழ்வார்திருநகரி மாமா இடம் மாறி உட்கார முடியுமா?” என்று கேட்டாள். அவள் கேட்டது ஆட்டத்தைப் பற்றியா வயலைப் பற்றியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த சந்திப்புக்கு அவளுக்கு ஒரு மேசை ஒதுக்கியிருக்கிறேன். இந்தத் தடவை மற்ற மேசைகளை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அங்கேயே உட்காருவதாக இருக்கிறேன். ஏரல்காரருக்கும் மகன் மூலம் சொல்லியனுப்பினேன். வருகிறேன் என்று அவரே கூப்பிட்டுச் சொன்னார். முதல் இடத்தில் உட்கார்ந்து பாருங்களேன் அண்ணாச்சி, அங்கே எப்படி இருக்கிறதென்று தெரிந்துகொள்ளலாம் என்றேன்.

“அங்கன எனக்கு என்ன சோலி?” என்றார். நாலாவது இடத்துக்கு எதிரே அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.